பாத்டப்பில் படுக்கும் பூனை எதைத் தேடுகிறது?

பூனை ஏன் பாத்டப்பில் போய்ப் படுக்கிறது என்று கேட்டால், பெரும்பாலோர் ‘வெக்கை தாங்காமல்’ என்பார்கள். சிங்கப்பூர் வெயிலுக்கு அந்தப் பதில் பொருந்துவது போலத்தான் தெரியும். ஆனால் அதில் பாதிகூட உண்மை இல்லை.

பூனையின் உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலே தொடங்கி 39 வரை இருக்கும். சும்மா படுத்திருக்கும் பூனையின் உடல், சூடேற்றவும் குளிர்விக்கவும் தனியாக உழைக்கத் தேவையில்லாத சுற்றுப்புற வெப்பம் ஏறக்குறைய 30 முதல் 38 டிகிரி. மின்விசிறியின்கீழ் நாம் வியர்த்து வழியும் 31 டிகிரிப் பிற்பகல், அதற்குச் சுகமான பொழுது. நமக்கு இதமாக இருக்கும் 24 டிகிரி ஏர்கான் அறையில்தான் அது சுருண்டு, மூக்கை வாலால் மூடிக்கொள்கிறது. அப்படியிருக்க, குளிர்ச்சி ஒன்றை மட்டும் தேடி அது பாத்டப்புக்குப் போகிறது என்று முடிவு கட்டக்கூடாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இங்குள்ள கொண்டோக்களில் இப்போது பொருத்தப்படும் தொட்டிகளில் பல அக்ரிலிக். அக்ரிலிக் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். தரையில் பதித்த பீங்கான் ஓடு அதைவிட ஐந்து மடங்குக்கும் மேல் வேகமாகக் கடத்தும், அதன் அடியில் கான்கிரீட் தளமும் இருப்பதால் பூனையின் உடல்சூட்டை வாங்கிக்கொண்டே இருக்கும். வெறும் குளிர்ச்சிதான் வேண்டுமென்றால் பூனை தொட்டியின் விளிம்பைத் தாண்டிக் குதிக்க வேண்டியதே இல்லை. குளியலறைத் தரையில் வயிற்றைப் பரப்பிப் படுத்தாலே போதும். தரையை விட்டுவிட்டு அக்ரிலிக் தொட்டிக்குள் போகிற பூனைக்கு வேண்டியது அந்தச் சுவர்கள். இரும்பின்மேல் எனாமல் பூசிய பழைய தொட்டியென்றால் கதை வேறு. அது உண்மையிலேயே சில்லென்று இருக்கும். எது உங்கள் வீட்டில் இருக்கிறது என்று அறிய, விரல் மடக்கால் தொட்டியின் பக்கத்தில் தட்டிப் பாருங்கள். பிளாஸ்டிக் டப்பா போலப் பொத்தென்று கேட்டால் அக்ரிலிக். கிண்ணென்று ஒலித்தால் எனாமல். காந்தம் ஒட்டினாலும் எனாமல்தான்.

சுவர் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைப் பூனையின் உயரத்திலிருந்து பார்க்க வேண்டும். நிற்கும் பூனையின் தோள் உயரம் சுமார் 25 செ.மீ. தொட்டியின் உள்ளாழம் 40 செ.மீ. அளவில் இருக்கும். உள்ளே படுத்தால் நான்கு பக்கமும் மறைவு, தலையைத் தூக்கினால் கதவு தெரியும், ஒரு துள்ளலில் வெளியே வந்துவிடலாம். குளியலறைக்கு ஒரே கதவு, அதனால் வருகிற ஆபத்தும் ஒரே திசையில்தான் வரும். பூனை வேட்டையாடும் பிராணி மட்டுமல்ல, தன்னைவிடப் பெரிய விலங்குகளுக்கு இரையாகக்கூடிய பிராணியும்கூட. முதுகுக்குப் பின்னால் சுவர், கண்ணுக்கு முன்னால் வழி என்ற அமைப்பு அதற்கு நிம்மதி தருகிறது.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்து 2014ல் வெளியிட்டார்கள். காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் 10க்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தார்கள், 9க்குக் கொடுக்கவில்லை. பெட்டி கிடைத்த பூனைகளின் பதற்றம் முதல் சில நாள்களிலேயே தணிந்தது, மற்றவற்றுக்குக் கூடுதல் காலம் பிடித்தது. 2021ல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, தரையில் சதுரம் இருப்பதுபோல் கண்ணுக்குத் தோன்றும்படி வைத்த தாள் துண்டுகளுக்குள்கூடச் சில பூனைகள் போய் உட்கார்ந்ததைப் பதிவு செய்தது. விளிம்பு இருப்பதாகத் தோன்றினாலே போதும் என்கிற பிராணிக்கு, நாலு பக்கமும் வழவழப்பான சுவர் எழும்பிய தொட்டி எவ்வளவு பெரிய வரம்!

நம் ஊரில் இதற்குக் கூடுதல் காரணம் உண்டு. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 160 நாள்களுக்கும் மேல் இடி இடிக்கிறது. மேல்வீட்டில் ரெனவேஷன் என்றால் துளையிடும் சத்தம் கான்கிரீட் வழியே எல்லா அறைக்கும் இறங்கும். சீனப் புத்தாண்டு நேரத்தில் சிங்க நடன முரசு கீழ்த்தளத்தில் முழங்கும். பூனையின் காதுக்கு 48 ஹெர்ட்ஸிலிருந்து 85 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும், நமக்கு 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. அந்த நேரங்களில் மட்டும் தொட்டிக்குள் ஓடும் பூனை, குளிர்ச்சிக்காகவா ஓடுகிறது? பயத்துக்குத்தான். அப்போது அதைத் தூக்கி வெளியே கொண்டுவந்து கொஞ்சுவது தவறு. விளக்கை அணைத்து, கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். தானாக வரட்டும்.

சிங்கப்பூரா என்று நம் நாட்டின் பெயரையே தாங்கிய சிறு பூனை இனத்துக்கு ‘வடிகால் பூனை’ என்றொரு பட்டப்பெயர் உண்டு. 1991ல் சுற்றுலா வாரியம் ‘குசிந்தா’ என்று பெயர் சூட்டிச் சின்னமாக்கியதும் அதைத்தான். இன்றும் புளோக்குகளைச் சுற்றித் திரியும் பூனைகள், மழை இல்லாத பகலில் காய்ந்த லோங்காங்கில், அதாவது திறந்த வடிகாலில், இறங்கிப் படுத்திருப்பதைப் பார்க்கலாம். இரு பக்கம் செங்குத்தான சுவர், வழவழப்பான தரை, நிழல், அடியிலிருந்து ஏறும் ஈரக்குளிர்ச்சி. பாத்டப்பில் உள்ள அத்தனையும் அங்கே இருக்கிறது. வீட்டுப் பூனை விசித்திரமாக எதுவும் செய்யவில்லை.

இவ்வளவு சொன்னதால் குளிர்ச்சிக்குப் பங்கே இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பூனைக்கு வியர்வை பாதங்களின் அடியில் மட்டுமே. உடம்பை நக்கி, அந்த எச்சில் உலரும்போதுதான் மற்ற இடங்களின் சூடு தணிய வேண்டும். நம் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல் இருப்பதால் எச்சில் சீக்கிரம் உலர்வதில்லை. ஆகவே அடர்ந்த முடியுள்ள பெர்ஷியன், எடை கூடிய பூனை, இப்போதுதான் ஓடி விளையாடி முடித்த பூனை ஆகியவை தொட்டுக் குளிர்விக்கும் பரப்பைத் தேடும். அப்படிப்பட்ட பூனை படுக்கும் விதமே காட்டிக்கொடுத்துவிடும்: பக்கவாட்டில் சாய்ந்து, நாலு காலையும் நீட்டி, உடம்பை முழுக்க ஒட்டவைத்து. வாயைத் திறந்து நாய்போல மூச்சுவாங்கினால் அது படுக்கும் இடத்தைப் பற்றிய விஷயமே அல்ல. ஈரத்துணியால் பாதத்தையும் காதையும் துடைத்தபடி உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

உங்கள் பூனைக்கு வேண்டியது சுவரா குளிர்ச்சியா என்பதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. தொட்டியின் பாதியளவுக்குத் தடித்த துண்டை மடித்துப் போடுங்கள், மறுபாதி வெறுமனே இருக்கட்டும். வெறும் பரப்பில் படுத்தால் குளிர்ச்சி. துண்டின்மேல் படுத்தால் சுவர். துண்டு நன்றாகத் துவைத்ததாக, வாசனைத் திரவம் சேர்க்காததாக இருக்க வேண்டும். நீங்கள் துடைத்துக்கொண்ட துண்டைப் போட்டால் உங்கள் வாசனைக்காகவே அதன்மேல் படுக்கும், சோதனை கெட்டுவிடும். சிட்ரஸ் வாசனையுள்ள திரவத்தில் ஊறியதென்றால் துண்டைத் தவிர்க்கும், அப்போதும் தவறான பதில்தான் வரும். துண்டை ஒரு நாள் இந்தப் பக்கம், மறுநாள் அந்தப் பக்கம் என மாற்றிப் போடுங்கள். சில பூனைகளுக்குக் குழாய்ப் பக்கம் பிடிக்காது, சிலவற்றுக்குச் சாய்ந்த பக்கம்தான் பிடிக்கும். பக்கத்தை மாற்றாமல் விட்டால் அந்த விருப்பத்தைக் குளிர்ச்சி என்று நினைத்துவிடுவோம். ஒரு வாரம் பார்த்தால் தெளிவாகிவிடும்.

குழாய்க்குக் கீழே

தொட்டியின் நடுவில் படுக்காமல், குழாய்ப் பக்கமாகக் குந்தி, மேலே பார்த்தபடி இருக்கும் பூனை தண்ணீரை எதிர்பார்க்கிறது. வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்தில் வாழும் ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. இரையின் உடலிலிருந்தே பெரும்பகுதி நீரைப் பெற்று, சிறுநீரைக் கெட்டியாக்கி வெளியேற்றிப் பழகிய உடம்பு அதனுடையது. தாகம் மந்தமாகத்தான் எடுக்கும். ஓடும் நீர், சொட்டும் நீர் என்றால் மட்டும் ஆர்வம் கிளம்பும். ஒலி கேட்கிறது, ஒளி பட்டு அசைகிறது, கிண்ணத்தில் நின்ற நீரைவிடப் புதிதாக இருக்கிறது.

பூனை தண்ணீரை நாக்கால் அள்ளிக் குடிப்பதில்லை. நாக்கின் நுனி நீர்ப்பரப்பைத் தொட்டு மேலே விரைய, அதோடு ஒட்டி எழும் மெல்லிய நீர்த்தூணை வாய் கவ்விக்கொள்கிறது, நொடிக்குச் சுமார் நான்கு முறை. 2010ல் அதிவேகக் காமிராவால் படம்பிடித்து அமெரிக்க ஆய்வாளர்கள் இதை விளக்கினார்கள். ஒவ்வொரு முறையும் வாய்க்குள் போவது சில துளி. 4 கிலோ எடையுள்ள பூனைக்கு உணவில் வருவதையும் சேர்த்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 200 மி.லி. நீர் வேண்டும். டின் உணவில் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு நீர். உலர் உணவில் 10 பங்குதான். உலர் உணவை மட்டும் தின்னும் பூனை குழாயடியில் தவமிருப்பதில் வியப்பில்லை.

அதற்காகக் குழாயைச் சொட்ட விடாதீர்கள். நொடிக்கு ஒரு துளி என்றால் நாளுக்கு 4 லிட்டருக்கும் மேல் வீணாகிறது. பூனைக்குப் போய்ச்சேருவது அதில் அரைக்கால் பங்குகூட இல்லை. 15 செ.மீ.க்குக் குறையாத அகலமுள்ள பீங்கான் அல்லது எவர்சில்வர் கிண்ணத்தில் விளிம்புவரை நிரப்பி, சாப்பாட்டுத் தட்டிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். மீசை விளிம்பில் இடிக்காததும், தலையைக் குனியாமலே நீர்மட்டம் தெரிவதும் முக்கியம். குடிநீர் ஊற்றுக் கருவி வாங்கினால் வாரம் இருமுறை பிரித்துக் கழுவ வேண்டும். பம்பின் உள்ளே வழுவழுப்பான படலம் படிந்தால் பூனை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும், பிறகு “இதற்கு ஊற்று பிடிக்கவில்லை” என்று பழி கருவியின்மேல் விழும். நம் குழாய்நீர் குடிக்க ஏற்றதுதான், காய்ச்ச வேண்டியதில்லை.

திடீரென்று குழாயடியையே கதியென்று கிடக்கும் வயதான பூனையை மட்டும் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். காலையில் கிண்ணத்தில் அளந்து ஊற்றி, 24 மணி நேரம் கழித்து மிச்சத்தை அளந்து கழியுங்கள். அருகில் பூனை எட்டாத இடத்தில் அதே அளவு நீருடன் இன்னொரு கிண்ணம் வைத்தால் ஆவியானது எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஒரு கிலோ எடைக்கு 50 மி.லி.யைத் தாண்டிக் குடித்தால் சிறுநீரகம், நீரிழிவு, தைராய்டு இந்த மூன்றையும் மருத்துவர் சோதிக்க வேண்டும். அந்த அளவைத் தாளில் எழுதிக்கொண்டு போனால் மருத்துவருக்கு மிகவும் உதவும்.

வடிகுழியை வெறித்துப் பார்க்கும் பூனை

புழங்காத பாத்டப் என்றால் வேறொரு கவர்ச்சியும் இருக்கலாம். தொட்டியின் வடிகுழாயிலும், தரையிலுள்ள வடிகால் துளையான தரைப் பொறியிலும் சிறிதளவு நீர் எப்போதும் தேங்கி நின்று, கீழிருந்து வரும் நாற்றத்தையும் பூச்சியையும் தடுக்கிறது. சில வாரங்கள் யாரும் தண்ணீர் விடவில்லையென்றால் அந்த நீர் உலர்ந்துவிடும். பிறகு கரப்பான்பூச்சிக்கு நேர்வழி. துளையருகே காதைச் சாய்த்து அசையாமல் உட்கார்ந்திருக்கும் பூனை நம் காதுக்கு எட்டாத காலடி ஓசையைக் கேட்டுக்கொண்டிருக்கும். வாரம் ஒருமுறை தொட்டியிலும் தரைப் பொறியிலும் அரை வாளித் தண்ணீர் ஊற்றுங்கள், அதோடு இந்தக் காவல் குறையும். கரப்பான் மருந்து ஜெல்லைத் தொட்டிக்குள் தடவவே கூடாது.

விளையாட்டுக்காகப் போகும் பூனைக்கு மேசைப்பந்து கொடுங்கள். தொட்டியின் வளைந்த சுவரில் ஏறிய பந்து தானாகவே திரும்பி வரும், சோபாவுக்கு அடியில் ஓடி ஒளியாது, தனியாக விடப்பட்ட பூனைகூடப் பத்து நிமிடம் களைக்க ஆடும். 40 மி.மீ. பந்து விழுங்கும் அளவில் சிறியதல்ல, வடிகுழிக்குள்ளும் பெரும்பாலும் இறங்காது. நசுங்கி விரிசல் விட்டதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், கூரிய சில்லு வாயைக் கிழிக்கும். இரவில் எடுத்து வைத்துவிடுவது நல்லது, காலித் தொட்டியில் அந்தச் சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்கும்.

இனி சொல்லப்போவதைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். பூனை பாத்டப்பில் சிறுநீர் கழித்தால் பலர் அதை அடம், பழிவாங்கல் என்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. சிறுநீர்ப்பை அழற்சி வந்த பூனை, மணல் பெட்டியில் உட்கார்ந்தபோது எரிந்த எரிச்சலைப் பெட்டியோடு சேர்த்தே நினைவில் வைத்துக்கொண்டு, வழவழப்பான, ஒட்டாத வேறு இடத்தைத் தேடும். தொட்டி, பேசின், தரைப் பொறி எல்லாம் அந்த வகை. வெள்ளைப் பரப்பில் இளஞ்சிவப்பாக ஒரு சொட்டு தெரிந்தால் அது ரத்தம். அடிக்கடி குந்தி, முக்கி, இரண்டு மூன்று சொட்டுக்கு மேல் வராவிட்டால், அதுவும் ஆண் பூனையாக இருந்தால், சிறுநீர்க்குழாய் அடைபட்டிருக்கலாம். இரண்டு மூன்று நாளில் உயிரைப் பறிக்கும் அடைப்பு அது. நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கப் போகக்கூடாது, நள்ளிரவானாலும் இரவு நேர விலங்கு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

நோய் இல்லை என்று உறுதியானால் பெட்டியைப் பார்க்க வேண்டும். பூனையின் எண்ணிக்கையைவிட ஒரு பெட்டி கூடுதலாக. நீளம் பூனையின் மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை உள்ள அளவின் ஒன்றரை மடங்கு. மணல் 5 செ.மீ. ஆழம், தினமும் இருமுறை அள்ளுதல். மூடியுள்ள பெட்டிகள் நம் ஈரப்பதத்தில் உள்ளே புழுங்கும், மூடியைக் கழற்றிவிட்டாலே சில வீடுகளில் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. ஒரே இடத்தில் வரிசையாக மூன்று பெட்டி வைத்தால் பூனையின் கணக்கில் அது ஒரே பெட்டிதான்.

இதற்கிடையில் தொட்டியில் 2 முதல் 3 செ.மீ. தண்ணீர் நிறுத்தி வைத்தால் பூனை இறங்காது. இணையத்தில் எல்லாரும் சொல்லும் வழி இது. மற்ற ஊர்களுக்கு அது சரி, இங்கே கவனம் வேண்டும். ஏடிஸ் முட்டை பறக்கும் கொசுவாக வளர 7 முதல் 10 நாள் போதும். பயன்படுத்தாத குளியலறையில் நிறுத்தி மறந்த தண்ணீர் டெங்கிக் கொசுவுக்குத் தொட்டில். தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் சோதிக்க வந்தால் அபராதமும் கிடைக்கும். இந்த வழியைக் கையாள்வதென்றால் தினமும் வடித்து, துடைத்து, மறுபடி நிரப்ப வேண்டும். குட்டிகள் உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம். வழுக்கும் சுவரில் ஏற முடியாமல் மூழ்கிவிடும்.

கழுவுவதிலும் இரண்டு தவறுகள் பரவலாக நடக்கின்றன. சிறுநீர் பட்ட இடத்தில் நேரடியாகப் பிளீச் ஊற்றுவது முதலாவது. சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியாவும் பிளீச்சும் சேர்ந்தால் நெஞ்சை அடைக்கும் நச்சுவாயு கிளம்பும். போதாததற்கு பிளீச் வாசனை சில பூனைகளை ஈர்த்து அங்கேயே புரள வைக்கும். முதலில் வெறும் தண்ணீரில் நன்றாக அலசி, என்சைம் கலந்த சுத்திகரிப்பானைப் போட்டு, புட்டியில் சொன்ன நேரம்வரை ஊறவிட்டு, பிறகு கழுவுங்கள். அவசரப்பட்டு உடனே கழுவினால் என்சைம் வேலை செய்ய நேரமிருக்காது, வாசனை தங்கும், பூனை அதே இடத்துக்குத் திரும்பும்.

இரண்டாவது, தண்ணீரில் விட்டதும் பால்போல வெளுக்கும் கிருமிநாசினிகள். நம் வீடுகளில் தரை துடைக்க, துணி அலச, காயத்துக்கு என எல்லாவற்றுக்கும் இருக்கும். அவற்றில் உள்ள பீனால் வகைப் பொருளை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. தொட்டியில் மிச்சமிருக்கும் படலம் பாதத்தில் ஒட்டும், பாதத்தைப் பூனை நக்கும். தேயிலை மர எண்ணெய் கலந்த திரவங்களும் ஆபத்தானவை. பூனை படுக்கும் தொட்டிக்குச் சாதாரணப் பாத்திரம் கழுவும் திரவம் போதும். அதையும் நுரை முழுக்கப் போகும்வரை அலசி, காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

குளிப்பாட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. காய்ந்த தொட்டியை விரும்பும் பூனை குளியலையும் விரும்பும் என்று நினைத்து அதே இடத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டால், அதன் பாதுகாப்பான இடத்தை நாமே பறித்துவிடுகிறோம். கட்டாயம் குளிப்பாட்ட வேண்டுமென்றால் வேறு குளியலறையில், அகலமான பிளாஸ்டிக் தொட்டியில், அடியில் ரப்பர் விரிப்புப் போட்டு, 5 முதல் 8 செ.மீ. வெதுவெதுப்பான நீரில் செய்யுங்கள்.

வயதான பூனைக்குத் தொட்டியிலிருந்து ஏறுவது கடினம். மூட்டு தேய்ந்த பின்னங்கால்கள் வழுக்கும் பரப்பில் விரிந்து போகும். உறிஞ்சிகள் ஒட்டிய ரப்பர் விரிப்பு ஒன்றை உள்ளே போட்டு, ஈரமான துண்டை விளிம்பின்மேல் மடித்துத் தொங்கவிட்டால் பிடிப்பு கிடைக்கும். காய்ந்த துண்டு பூனையோடு சேர்ந்து உள்ளே வழுக்கி விழுந்துவிடும். வெளியே 20 செ.மீ. உயரத்தில் ஒரு படி.

குளியலறை ஜன்னலை மறந்துவிடக்கூடாது. 2024 செப்டம்பர் 1 முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் உரிமத்தோடு இரண்டு பூனைகள்வரை வளர்க்கலாம். மைக்ரோசிப்பும் கட்டாயம். அதன்பின் வரவேற்பறை ஜன்னலுக்கும் கேட்டுக்கும் வலை அடித்தவர்கள் பலர், ஆனால் குளியலறை விடுபட்டுப் போகிறது. பழைய புளோக்குகளில் அங்கே கண்ணாடிப் பலகை அடுக்கிய ஜன்னல்தான் இருக்கும். திறந்தால் பலகைகளுக்கு இடையே தலை நுழையும். தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். தொட்டியின் விளிம்பு ஜன்னலுக்கு ஏணியாகிவிடுகிறது. கண் 2.5 செ.மீ.க்கு மிகாத, பிளாஸ்டிக் பூசிய கம்பி வலையை உள்பக்கமாக வைத்து, 10 செ.மீ.க்கு ஒன்றாகக் கேபிள் டை கட்டுங்கள். கறுப்பு நிற டை வெயிலைத் தாங்கும், வெள்ளை நிறத்தது நொறுங்கிவிடும். காந்தத்தில் ஒட்டும் கொசுவலை பூனைக்குப் போதாது. உள்ளங்கையால் அழுத்தித் தள்ளிப் பாருங்கள், கழன்றால் பூனையின் பாய்ச்சலுக்கும் கழலும்.

பாத்டப்பே இல்லாத வீடுகள்தான் இங்கே அதிகம். அங்கெல்லாம் பூனை பேசினுக்குள் சுருண்டுகொள்ளும், அல்லது துணி ஊறவைக்கும் தொட்டிக்குள். அதைத் திட்டிக்கொண்டே இருப்பதைவிட அதற்கென ஒன்று செய்து கொடுக்கலாம். 60 முதல் 70 செ.மீ. நீளமுள்ள மூடியில்லாப் பிளாஸ்டிக் பெட்டி, அல்லது குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி. ஒரு பக்கத்தை மட்டும் 12 செ.மீ. உயரத்துக்கு வெட்டி, வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துத் துணிப்பட்டை ஒட்டுங்கள். குளிர்ச்சி தேடும் பூனையென்றால் உள்ளே ஹார்ட்வேர் கடையில் அளவுக்கு வெட்டி வாங்கிய தளஓடு ஒன்றைப் போடுங்கள், இல்லையென்றால் துண்டு. வைக்கும் இடம்தான் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும்: அறையின் மூலையில், முதுகுப்பக்கம் சுவரோடு ஒட்டி, வெட்டிய பக்கம் கதவைப் பார்த்து. நடுக்கூடத்தில் வைத்தால் சீண்டாது.

பழைய எக்சிகியூட்டிவ் வீடுகளிலும் கொண்டோக்களிலும் இருக்கும் தொட்டியை இடித்துவிட்டு ஷவர் வைக்க விரும்புகிறவர்கள், இந்த மாற்றுப் பெட்டியை வேலை தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே செய்துவிட வேண்டும். முதல் வாரம் அதைப் பாத்டப்புக்குள்ளேயே வைத்து, பூனை படுத்த துண்டைத் துவைக்காமல் அதில் போடுங்கள். இரண்டாம் வாரம் பெட்டியை வெளியே எடுத்து, நாளுக்கு ஒரு மீட்டர் என்ற கணக்கில் புதிய மூலைக்கு நகர்த்துங்கள். பெரிய தாவலாக மாற்றினால் பழைய இடத்துக்கே போய்க் காத்திருக்கும். வீவக வீடுகளில் இடிக்கும் வேலை வார நாளில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் நடக்கும் என்பதால், அந்த நேரம் முழுவதும் பூனை, பெட்டி, தண்ணீர், மணல் தட்டு எல்லாவற்றையும் குளியலறையிலிருந்து மிகத் தள்ளியுள்ள படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்தி, “திறக்க வேண்டாம், உள்ளே பூனை” என்று ஆங்கிலத்திலும் சீனத்திலும் தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். வேலைக்காரர்கள் வாசல் கேட்டைத் திறந்தபடியேதான் மூட்டைகளைச் சுமப்பார்கள்.